சட்டை எந்த ஊருக்குப் போகிறது?

ஆதம்பாக்கத்தில் சாயங்கால நேரத்தில் தெருவோரம் கம்பியில் மாட்டி விற்கிற 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' சட்டைகள், தாங்கள் எந்த நாட்டுக்குப் போயிருக்க வேண்டியவை என்பதைத் தாங்களே சொல்லிவிடும். கழுத்திலிருக்கும் பிராண்டு பெயரைக் கத்தரித்திருப்பார்கள், இல்லையென்றால் கறுப்பு மை தடவியிருப்பார்கள். இடுப்போரத் தையலுக்குள் தொங்கும் சின்ன வெள்ளைப் பட்டியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அதில் 'ஆர்.என்.' என்று ஓர் எண் இருந்தால் அமெரிக்கா. கூடவே 'சி.ஏ.' என்று இன்னோர் எண் இருந்தால் கனடாவுக்கும் சேர்த்துத் தைத்தது. துவைக்கும் முறை ஏழெட்டு மொழிகளில் நீண்டு, பட்டி நாலைந்து மடிப்பாக இருந்தால் ஐரோப்பா. குழந்தை உடுப்பில் 2டி, 3டி என்று அளவு போட்டிருந்தால் அமெரிக்கக் கடைக்கு. 98, 104, 110 என்று குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் போட்டிருந்தால் ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ.

காஜா ஒரு நூல் தள்ளிப்போனது, துணியின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை, ஆர்டர் கொடுத்தவர் பாதியில் கையை விரித்தார் என்று ஏதோ ஒரு காரணத்தால் கப்பலேறாமல் நின்றவை இவை. வெளிநாட்டில் பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகும் சட்டை இங்கே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பட்டியில் 'ஆர்.என்.' எண் அடிக்கடி கண்ணில் படுவது ஏன் என்பதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. இந்தியாவிலிருந்து வெளியே போகும் ஆயத்த ஆடையில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா என்ற ஒரே நாட்டுக்குப் போகிறது. பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து, பிரான்ஸ் எல்லாம் அதற்குப் பின்னால், நெடுந்தூரம் தள்ளித்தான் நிற்கின்றன.

இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் தென்சென்னையிலேயே ஏராளம். பரங்கிமலை ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலைப் பிடித்துச் சானடோரியத்தில் இறங்கினால், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மெப்ஸ் வளாகம். ஏற்றுமதிக்கென்றே மத்திய அரசு 1984-ல் ஏற்படுத்திய மண்டலம். 'எக்ஸ்போர்ட்டுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பும் பெண்கள் அங்கேயும், அம்பத்தூர், கூடுவாஞ்சேரி பக்கத்துத் தையல் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். ஆண்கள் பேன்ட்டுக்குப் பேர்போன செலிபிரிட்டி ஃபேஷன்ஸ் 1988-ல் சென்னையில் தொடங்கியது. கூடுவாஞ்சேரியில் இன்டிமேட் ஃபேஷன்ஸ் உலகின் பெரிய பிராண்டுகளுக்கு உள்ளாடை தைக்கிறது. திருப்பூரைப்போல ஊரே பனியன் வாசம் வீசாததால், சென்னையும் ஓர் ஆடை ஏற்றுமதி நகரம் என்பது பலர் நினைவில் நிற்பதில்லை.

ஒரு லைனில் முழுச் சட்டையை ஒருவரே தைப்பது கிடையாது. காலர் வைப்பவர் காலர் மட்டும், கை ஏற்றுபவர் கை மட்டும். ஒரு சட்டை நாற்பது ஐம்பது சின்ன வேலைகளாகப் பிரிந்து மெஷின் மெஷினாக நகர்கிறது. மணிக்கு எத்தனை பீஸ் என்ற டார்கெட் பலகையில் எழுதியிருக்கும். ஊசி முனை உடைந்துவிட்டால் வேலை நிற்கும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லையா, அந்தக் கட்டு முழுவதையும் உலோகம் கண்டறியும் கருவிக்குள் விட்டு எடுக்க வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் ஊசித் துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காக நடக்கும் தேடல் அது. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யத் தெரிந்த கைகளுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்பதை, அவர்கள் கேள்விப்பட்டே இராத ஓர் அலுவலகம் தீர்மானிக்கிறது.

தொலைதூரத்தில் வாங்குகிறவரை நம்பி நிற்பது சென்னைக்குப் பழைய கதை. இந்த நகரமே துணி ஏற்றுமதிக்காகப் பிறந்ததுதான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்பது. கம்பெனியின் கப்பல்களுக்குத் துணி போதாமல் போனபோது, 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கூவம் கரையில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்புதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

மதராஸ் பெயரைத் தாங்கிய கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்தார்கள். பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாச் சடங்குகளிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். ஆந்திரத்தின் சீராலா போன்ற ஊர்களின் தறிகள் அந்த ஒரு சந்தையை நம்பியே ஓடின. பின்னாளில் நைஜீரியா இறக்குமதித் தடைகளைக் கொண்டுவந்தபோது அடி விழுந்தது இங்கிருந்த நெசவாளர் வீடுகளில்.

அமெரிக்கா இந்தத் துணியைக் கொண்டாடிய கதை இன்னும் சுவையானது. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் விலையில் பத்தாயிரம் கெஜம் மதராஸ் துணி வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் இந்தக் கிருஷ்ணன் நாயர்தான். சாயம் போகும், குளிர்ந்த நீரில் பக்குவமாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் விற்றார். அந்த எச்சரிக்கை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கோ அதன் வாடிக்கையாளர்களுக்கோ போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்ட சட்டைகள் சாயத்தைக் கக்கின, புகார்கள் குவிந்தன. அப்புறம் விளம்பர உலகம் அந்தக் குறையையே பெருமையாக்கியது. துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று விற்று, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே ஒரு மோகத்தையே உண்டாக்கினார்கள். பல ஆண்டுகள் ஓடிய அந்த மோகத்தைத் தொடங்கி வைத்ததும் முடித்து வைத்ததும் வாங்குகிறவர் பக்கம்தான்.

துணியாகப் போனது போய், தைத்த உடையாகப் போகத் தொடங்கியது 1970-களில். 1974-ல் வந்த பல்லிழை உடன்பாட்டின்படி, பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏழை நாட்டுக்கும் இத்தனை சட்டை, இத்தனை பேன்ட் என்று கோட்டா நிர்ணயித்தன. இங்கே அதைப் பங்கிட்டுக் கொடுத்தது 1978-ல் உருவான ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில். கோட்டா வைத்திருந்தவர் ராஜா. தைக்கத் தெரியாவிட்டாலும் கோட்டாவைக் கைமாற்றிக் காசு பார்க்க முடிந்தது. 2005 ஜனவரி 1-ல் கோட்டா முறை ஒழிந்தது. இனி இந்தியாவுக்கு வானமே எல்லை என்று பேசினார்கள்.

அந்தப் பேச்சு பலித்ததா? ரூபாயில் பார்த்தால் பலித்த மாதிரிதான் தெரியும். 1985-ல் 15 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்த திருப்பூர், 2024-25-ல் சுமார் 40,000 கோடியைத் தொட்டது. ஒரு சாதாரண ஊர் தன் உழைப்பால் எட்டிய உயரம் அது; அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வாங்குகிறவர் கொடுப்பது டாலர். கணக்கையும் டாலரில் பார்த்தாக வேண்டும். 2016-17-ல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 26,000 கோடி ரூபாய். அன்றைக்கு டாலர் 67 ரூபாய். 2024-25-ல் 84 ரூபாய்க்கும் மேல். ரூபாயில் பாதிக்கு மேல் கூடியதுபோல் தெரியும் வளர்ச்சி, டாலரில் ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடுகிறது.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இந்தியாவின் ஆயத்த ஆடை ஏற்றுமதி 2016-17-ல் ஏறத்தாழ 1,740 கோடி டாலர். கொரோனா ஆண்டான 2020-21-ல் 1,230 கோடிக்கு விழுந்தது. 2024-25-ல் முந்தைய ஆண்டைவிட 10 சதவீதம் வளர்ச்சி என்று கொண்டாடியபோது எட்டியிருந்த தொகை 1,600 கோடி டாலர். எட்டு ஆண்டுக்கு முன் நின்ற இடத்துக்கே இன்னும் திரும்பி வரவில்லை. இதே எட்டு ஆண்டில் வங்கதேசம் 2,800 கோடி டாலரிலிருந்து 3,900 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. உலக ஆடை வர்த்தகம் 55,000 கோடி டாலருக்கு மேல். அதில் பருத்தி விளைவித்து, நூல் நூற்று, துணி நெய்து, தைக்கவும் தெரிந்த இந்தியாவின் பங்கு 3 சதவீதம்.

வங்கதேசம் எப்படி முந்தியது? 1979-ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 130 பேரைத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் தனித்தனியாகக் கம்பெனி தொடங்கினார்கள். ஏழை நாடு என்ற தகுதியால் ஐரோப்பிய ஒன்றியம் அவர்களை வரியில்லாமல் உள்ளே விட்டது. இங்கே நாம் செய்தது நேர்மாறு. ஆயத்த ஆடைத் தையலைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி, பெரிதாக வளர விடாமல் வைத்திருந்தோம். நெய்த துணி உடைகளுக்கு அந்தக் கட்டு 2000-லும் பின்னலாடைக்கு 2005-லும்தான் அவிழ்ந்தது. பல லட்சம் சட்டையை ஒரே கூரையின் கீழ் தைத்துத் தரச் சொல்லும் அமெரிக்கக் கடைக்குச் சின்னச் சின்ன ஷெட்டுகளைக் காட்டினால் என்ன பயன்? அதே சமயம் வங்கதேச மலிவின் மறுபக்கத்தையும் மறக்க முடியாது. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படி ஒரு மலிவு தமிழ்நாட்டுக்கு வேண்டாம்.

ஒரே சந்தையை நம்புவதன் ஆபத்து 2025-ல் வீடுவரை வந்தது. அமெரிக்கா ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருள்கள்மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 சதவீதம். ஏற்கெனவே பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீத வரி உண்டு. 5 டாலர் மதிப்புள்ள ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு இந்தியாவிலிருந்து போனால் வரியோடு 8 டாலர் 32 சென்ட். 20 சதவீதக் கூடுதல் வரி மட்டுமே கட்டிய வங்கதேசம், வியட்நாம், இலங்கையிலிருந்து போனால் 6 டாலர் 82 சென்ட். சட்டைக்கு ஒன்றரை டாலர் வித்தியாசம். சில சென்ட் பேரத்துக்காகவே ஆர்டரை நாடு மாற்றும் தொழிலில் ஒன்றரை டாலர் என்பது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

தமிழ்நாட்டுக்கு அது இரட்டை அடி. 2025-ல் முதல்வராக மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன கணக்குப்படி, இந்தியாவின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 20 சதவீதம். தமிழ்நாட்டின் ஏற்றுமதியிலோ 31 சதவீதம். நாட்டின் ஜவுளி ஏற்றுமதியில் 28 சதவீதத்தைத் தருவது தமிழ்நாடு. ஆகவே வாஷிங்டனில் வரி ஏறினாலும் இறங்கினாலும் முதலில் ஆடுவது நம் ஊர் லைன்கள். பாதி வரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாங்குகிறவர் கேட்பார். இரண்டு மூன்று சதவீத லாபத்தில் ஓடும் சின்னக் கம்பெனி எங்கே போகும்? ஓ.டி. நிற்கும், அப்புறம் ஒரு ஷிஃப்ட் நிற்கும், ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் 'சொல்லி அனுப்புறோம்' என்பார்கள்.

வேறு சந்தை இல்லையா என்றால், இருக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம், இந்திய ஆடைகள் அங்கே கட்டிவந்த 12 சதவீதம்வரையிலான வரியை நீக்குவதாகச் சொல்கிறது. 2022-ல் அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007-ல் தொடங்கிய பேச்சு 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி உயிர்பெற்றது. 27 நாடுகள் சேர்ந்த அந்தச் சந்தை அமெரிக்காவைவிட ஒன்றும் சின்னதில்லை. குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாள் குறிக்கப்பட்டிருப்பதும், ஐரோப்பாவில் அதற்கிருக்கும் சலுகை என்றென்றைக்கும் நீடிக்காது என்பதைக் காட்டுகிறது.

ஆனால் வரி போனால் மட்டும் சந்தை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்ட்டிலிருந்து இந்திய உடைக்கு அங்கே வரியே கிடையாது. இத்தனை ஆண்டு கழித்தும் ஜப்பான் இறக்குமதி செய்யும் ஆடையில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீத அளவிலேயே நிற்கிறது. ஜப்பானியக் கடைக்காரர் ஒவ்வொரு பீஸையும் தனித்தனியாகச் சோதிப்பார். உள்தையலில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் திருப்பி அனுப்புவார். முதலில் கொடுக்கும் ஆர்டர் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய அமெரிக்க ஆர்டருக்குப் பழகிய கம்பெனி, 'இதற்கு இவ்வளவு தலைவலியா' என்று விட்டுவிடுகிறது. அந்தத் தலைவலியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குத்தான் அமெரிக்கக் கதவு சாத்தியபோது போக ஓர் இடம் இருக்கும். இந்தப் பொறுமையை வளர்ப்பதற்குத்தான் ஏற்றுமதி கவுன்சிலும் அரசும் பணம் செலவிட வேண்டும். தரமணியில் 1995-லிருந்து நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி இருக்கிறது. ஜப்பானிய அளவுகளையும் ஐரோப்பிய ரசனையையும் அறிந்த இளைஞர்களை மெப்ஸ் கம்பெனிகளோடு இணைப்பது இயலாத காரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு முட்டுக்கட்டை பருத்தி. உலகம் உடுத்துவதில் பெரும்பகுதி இன்று பாலியஸ்டர், நைலான், விஸ்கோஸ் மாதிரியான செயற்கை இழை. விளையாட்டு உடுப்பு, குளிர்கால ஜாக்கெட், நீச்சலுடை எல்லாம் அதில்தான். நம்முடைய ஏற்றுமதியோ பருத்தியைச் சுற்றியே நிற்கிறது. அதனால் கோடைக்கால உடைக்கு ஆர்டர் குவிகிறது. குளிர்கால உடைக்கான மாதங்களில் மெஷின்கள் ஓய்வெடுக்கின்றன. செயற்கை இழைக்கு ஊக்கம் தர 2021-ல் 10,683 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 1,052 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே வருகிற ஆலைகள் பழைய பருத்தி பனியனையே தைத்தால் பூங்கா வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆண்டு முழுக்க வேலை தரும் உடுப்பு வகைகளைத் தைக்க வேண்டும்.

இனி தைக்கிற பெண்களின் கூலி. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004-க்குப் பிறகு பத்தாண்டு திருத்தப்படவே இல்லை. 2014-ல் உயர்த்தியபோது முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. அந்த வழக்கு நடந்த காலமெல்லாம் காலர் வைத்தவர்கள் பழைய கூலிக்கே வைத்தார்கள். கூலியைக் குறைத்துத்தான் போட்டியில் நிற்க முடியும் என்ற வாதம் வரி ஏறும்போதெல்லாம் திரும்பி வருகிறது. அது தப்பான வாதம் என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. அங்கே நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன்பின், தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி, அந்த ஆலையின் உடுப்புகளை அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் உள்ளே விட மறுத்தது. அதற்குச் சில மாதம் முன்பே, ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், எச் அண்ட் எம் பிராண்டு எல்லாம் சேர்ந்த உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது; கேப், பிவிஎச் பிராண்டுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. லைனில் நடக்கும் பாலியல் தொல்லையைத் தொழிலாளர்களே கண்காணித்துத் தடுக்கும் ஏற்பாடு அது. அந்த உடன்பாடு இருந்ததால்தான் செப்டம்பரிலேயே தடை நீங்கியது. பெண்களுக்குப் பாதுகாப்பு தருவது ஏற்றுமதிக்குச் சுமை என்று இனி யாரும் சொல்ல முடியாது. சரக்கைத் துறைமுகம் தாண்ட வைத்ததே அதுதான்.

2025 நவம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய்வரை கடன் உத்தரவாதம் அறிவித்தது. 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கும் ஒப்புதல் தந்தது. கம்பெனி மூடாமல் இருக்க இவை உதவும், வரவேற்க வேண்டியவைதான். ஆனால் நிறுத்தப்பட்ட ஷிஃப்டுக்கான கூலியை லைனில் உட்காரும் பெண்ணுக்கு இந்த இரண்டும் தராது. இ.எஸ்.ஐ.யில் 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் என்று ஒன்று உண்டு. வேலையிழந்த தொழிலாளிக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள்வரை தரும் திட்டம். பெயரைச் சொன்னால் வாயில் நுழையாது. தையல் கம்பெனிப் பெண்கள் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதே பல இடங்களில் சந்தேகம். ஏற்றுமதிச் சலுகை வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் அந்தப் பணத்தைக் கட்டிய ரசீதைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரியை மத்திய அரசு சேர்த்தால் போதும். சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் இ.எஸ்.ஐ. ஓர் உதவி மையம் திறந்து, ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆள் உட்கார வைத்தால், வேலையிழந்தவர்கள் விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறலாம்.